ஏழாம் அத்தியாயம்: நம் ஊரில் இலை உதிரும் நேரம்

ஓவியம் கற்றுத்தரும் நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. இலையுதிர்காலம் என்றதும் அவற்றில் மேப்பிளும் ஓக்கும் பீச்சும் வரிசையாக வந்து நிற்கும். மலேசியாவின் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கங்களைப் பார்த்து வரைகிறவர், மரத்தை வரையவில்லை. யாரோ எடுத்த புகைப்படத்தை வரைகிறார். அந்த மரத்தின் பட்டையை அவர் தொட்டதில்லை, அதன் நிழலில் நின்றதில்லை, உதிர்ந்த இலையை மிதித்ததில்லை. படத்தில் இது தெரிந்துவிடும். கிளைகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தெரியாமல் நிறத்தை மட்டும் அப்பியிருப்பார்.

இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒன்றைத்தான். வீட்டிலிருந்து நடந்தோ மோட்டாரிலோ சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது நிறம் மாறத் தொடங்கும் நாளிலிருந்து, மொட்டையாக நின்று, மறுபடி துளிர்க்கும் நாள்வரை அதே மரத்தை வரையுங்கள். பத்து மரங்களை ஒருமுறை வரைவதைவிட ஒரு மரத்தைப் பலமுறை வரைந்தவருக்குத்தான் கை திருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்கு ஏது இலையுதிர்காலம் என்று கேட்கலாம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிட அளவே. பகல் குறைந்து குளிர் ஏறுவதைக் கண்டு இலையை உதிர்க்கும் வழக்கம் இங்குள்ள மரங்களுக்கு இல்லை. மழை ஓய்ந்து வெயில் காயும் சில வாரங்களைச் சில மரங்கள் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, தமக்குள் ஓடும் கணக்குப்படி உதிர்க்கின்றன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், அங்கிருந்த மரங்களின் இலைமாற்றத்தைக் குறித்துவைத்து 1930களில் எழுதினார். பல மரங்களின் சுழற்சி 12 மாதக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் கண்டார். ஓவியருக்கு இது நல்ல செய்தி. குளிர்நாட்டில் இலை நிறம் மாறும் சில வாரங்களைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இங்கே ஏதாவது ஒரு மரம் எப்போதும் ஏதாவது ஒரு கட்டத்தில் இருக்கும்.

எப்போது எதைத் தேடுவது

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் வெள்ளமே வரும். அந்த மழை ஓய்ந்து வெயில் ஏறுகிறபோது, தைப்பூசத்தை ஒட்டி, பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிறம் மாறத் தொடங்கும். பிப்ரவரியில் உதிரும், மார்ச்சுக்குள் பெரும்பாலும் துளிர்த்துவிடும். இலவமரமும் இதே வறட்சியில்தான் மொட்டையாகி, காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். கம்பத்து வீடுகளின் பின்புறத்தில் தேடுங்கள்.

கெத்தாப்பாங் மரம் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை உதிர்க்கும்: ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை, ஜூலை, ஆகஸ்ட்டை ஒட்டி இன்னொரு முறை. ஆனால் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கெத்தாப்பாங் மரங்கள் வெவ்வேறு வாரத்தில் சிவக்கும். ஆகவே தேதியை நம்பாதீர்கள், மரத்தைப் பாருங்கள். பூமருதின் இலைகளும் விழுமுன் செம்பு நிறத்துக்கும் சிவப்புக்கும் மாறும்; தாமான்களின் சாலையோரங்களில் இந்த மரம் நிறைய உண்டு. அங்சானா நம் வேங்கையின் நெருங்கிய உறவு. அதன் இலை மஞ்சளாகி உதிர்வதைவிட, அதன் பூ உதிர்ந்து கார்களின் மேல் மஞ்சளாகப் படிந்து கிடப்பது வரைவதற்கு நல்ல காட்சி. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்குள் பெருக்கிவிடுவார்கள். தெக்கோமா என்று இங்கே எல்லோரும் சொல்லும் இளஞ்சிவப்புப் பூமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது பூத்தால் கைப்பேசியோடு கூட்டம் கூடிவிடும். நீங்களும் போய் வரையலாம். ஆனால் அது பூவின் கதை. நமக்கு வேண்டியது இலையின் கதை.

கெத்தாப்பாங்: முதல் பாடம்

தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பார்கள். ஜொகூரில் லீடோ கடற்கரையில், தெசாருவில், மெர்சிங்கில், மூவார் ஆற்றங்கரையில், பள்ளிக்கூடத் திடல்களில், வாகன நிறுத்துமிடங்களில் என்று எங்கும் நிற்கிறது. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மரம் கிடைக்காது. காரணம் இரண்டு. இதன் அமைப்பு தெளிவானது. நிறம் உண்மையாகவே சிவப்பு.

முதலில் அமைப்பு. இளங்கெத்தாப்பாங்கின் நடுத்தண்டு நேராக ஏறும். ஓரிடத்தில் நின்று, நாலாபுறமும் கிளைகளைப் படுக்கையாக நீட்டும். பிறகு மறுபடி ஏறி, இன்னோர் அடுக்குக் கிளைகளை விரிக்கும். அதனால்தான் கோபுரத்தின் நிலைகளைப் போல அடுக்கடுக்காகத் தெரிகிறது. பென்சிலை எடுத்ததும் செய்ய வேண்டியது: தண்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு, அடுக்குகளுக்குக் குறுக்கே சில படுக்கைக் கோடுகள். அடுக்குகளுக்கு இடையிலான தூரம் ஒரே மாதிரி இருக்காது, அதை அளந்து பாருங்கள். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் அடுக்கின் அடிப்பக்கம் உங்களுக்குத் தெரியும். அதாவது நெளிந்த நீள்வட்டம் ஒன்றைக் கீழிருந்து பார்க்கிறீர்கள். மேலே போகப்போக அந்த நீள்வட்டம் அகலும். இதைச் சரியாகப் போட்டுவிட்டால் மரம் காகிதத்தில் ஒட்டிக் கிடக்காமல் எழுந்து நிற்கும்.

அடுத்து கிளை. ஒவ்வொரு கிளையும் சிறிது தூரம் படுக்கையாகப் போய், நுனியில் மேல்நோக்கி வளைந்து, அங்கே ஒரு கொத்து இலையைத் தாங்கும். அந்த வளைவின் அடியிலிருந்து அடுத்த துண்டு கிளம்பி, அதுவும் அப்படியே வளையும். ஆக, கிளை ஒரே வீச்சில் போகாமல் படிப்படியாகப் போகிறது. இலைகள் எல்லாம் நுனியில்தான். கிளையின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். பச்சைப் புகையாக மரத்தை மொத்தமாகத் தீட்டுகிறவர்கள் இந்த வெற்றிடத்தைத்தான் இழக்கிறார்கள். கிளைக்கும் கிளைக்கும் நடுவே வானம் தெரியட்டும்.

நிறத்தை மரத்திலிருந்து தொடங்காதீர்கள், தரையில் கிடக்கும் இலையிலிருந்து தொடங்குங்கள். காலையில் மரத்தடிக்குப் போய் ஐந்து இலைகளைப் பொறுக்குங்கள்: பச்சையும் மஞ்சளுமாக ஒன்று, முழு மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, கருஞ்சிவப்பு ஒன்று, காய்ந்து பழுப்பாகிச் சுருண்டது ஒன்று. வீட்டு மேசையில் வெள்ளைத்தாள் மேல் வரிசையாக வையுங்கள். அன்றைக்கே வரைந்துவிட வேண்டும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மறுநாள் நிறம் மங்கி, ஓரம் சுருண்டிருக்கும்.

இந்த இலையின் அகலம் நுனிப்பக்கத்தில், காம்புப்பக்கம் ஒடுங்கும். காம்போ மிகக் குட்டை. நம் கைக்குப் பழகிய மாவிலை வடிவத்தை இதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். மெல்லிய பென்சிலில் நடுநரம்பை முதலில் போட்டு, இருபக்கமும் அகலத்தை அளந்து வெளிக்கோடு வரையுங்கள். பிறகு இலை முழுவதையும் சுத்தமான நீரால் நனைத்து, வெளிர்மஞ்சளைப் பரப்புங்கள். அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்திலிருந்து ஆரஞ்சு, அதன்மேல் சிவப்பு. நிறங்கள் தாமே கலந்துகொள்ளும். தூரிகையால் குழப்ப வேண்டாம். பல இலைகளில் நரம்பை ஒட்டிய பச்சை கடைசியாகத்தான் மறையும். அந்தப் பச்சையைச் சேர்த்தால் சிவப்புக்கு உயிர் வரும். முழுதும் காய்ந்த பின் புள்ளிகள், பூச்சி அரித்த ஓட்டைகள், கிழிசல்கள். ஓட்டை இல்லாத கெத்தாப்பாங் இலையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஓட்டையோடு வரையுங்கள்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். சிவப்பு இலையின் இருண்ட பகுதிக்கு அதே சிவப்பில் துளி பச்சையைக் கலந்தால் போதும். மஞ்சள் இலையின் நிழலுக்கு ஊதா கலந்த பழுப்பு. இன்னொன்று, கடையில் அலிசரின் கிரிம்சன் என்று விற்கும் பழைய வகைச் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போகும். குப்பியில் நிரந்தரம் என்று பொருள்படும் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டிய படத்தில் சிவப்பு மட்டும் போய்விட்டால் கெத்தாப்பாங்கில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கண் கூர்மையாகும். பச்சையம் சிதைந்ததும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித் தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல, இலை தன் கடைசி நாட்களில் புதிதாக உண்டாக்கும் நிறமி அது. வெளிச்சம் நன்றாகப் படும் இலைகளில் இது கூடுதலாக உருவாகும். மரத்தைப் பார்க்கும்போது எந்தப் பக்கத்து இலைகள் அதிகம் சிவந்திருக்கின்றன என்று கவனியுங்கள். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே இருக்கும். ஆகவே மரம் முழுவதையும் சிவப்பாக்கினால் பொய்யாகிவிடும். நாலில் ஒரு பங்கு சிவந்திருந்தாலே தூரத்திலிருந்து மரம் எரிகிற மாதிரி தெரியும்.

பால்மரம்: நம் மரம்

மலேசியத் தமிழர் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அதை வரைந்தவர்கள் மிகக் குறைவு. தாத்தா பாட்டி காலம் முழுக்க அதன் நிரைகளுக்கு நடுவே நடந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோ ஓவியப் போட்டியில் பனிமூடிய மலையையும் மேப்பிளையும் வரைகிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இந்த அத்தியாயத்தை எழுதியதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காகப் பயிரிட்டார். சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் செம்மைப்படுத்தி, பார்க்கிறவரிடமெல்லாம் விதையைக் கொடுத்தனுப்பினார். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை 1909இல் முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், குலாய் என்று பாதையோரமெங்கும் தோட்டங்கள் பெருகின, தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் எழுந்தன. நீங்கள் வரையப்போகும் அந்த நேரான நிரைகள் யாரோ கயிறு பிடித்து, குழி தோண்டி, கன்று நட்டதால் வந்தவை. காட்டில் வளர்ந்த மரத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

இப்போது ஜொகூரில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. சிகாமட், லாபிஸ், தங்காக் பக்கம் சிறுதோட்டங்களில் பால்மரம் இன்னும் நிற்கிறது. சாலையோரத்திலிருந்தே வரையலாம். உள்ளே போவதானால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஓவியம் வரைய வந்தோம் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மரத்தில் சாயாதீர்கள். பால் பட்ட சட்டை அத்தோடு போயிற்று, எந்தச் சவர்க்காரத்துக்கும் அந்தக் கறை அசையாது.

தண்டிலிருந்து தொடங்குவோம். விதையிலிருந்து வளர்ந்த பழைய மரம் அடியில் பருத்து மேலே போகப்போக மெலியும். ஒட்டுக்கட்டிய மரத்தின் தண்டு கிட்டத்தட்ட ஒரே பருமனில் உருளையாக ஏறும்; ஒட்டுப் போட்ட இடத்தில், தரைக்குச் சற்று மேலே, யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கும். எதை வரைகிறீர்கள் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு. அதன்மேல் பாசியும் மரப்பூஞ்சையும் வெளிர்பச்சையாகவும் வெள்ளையாகவும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும். ஈரத்தாளில் அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் நீர்க்கக் கலந்து விட்டால் இந்தச் சாம்பல் கிடைக்கும். திட்டுகளுக்கு இடம்விட்டு வண்ணம் பூசுங்கள். பிறகு வெள்ளையை வைத்து ஒட்ட முயன்றால் அந்த மென்மை வராது.

அடுத்தது வெட்டு. இதில் கவனம் மிக முக்கியம். மரத்துக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து சுற்றுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதே திசைதான். திருப்பி வரைந்தால், மரம் சீவிய பாட்டி ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்த மறுகணமே சொல்லிவிடுவார். தண்டு உருண்டை என்பதால் அந்தக் கோடு நேர்க்கோடாக இராது. தண்டைச் சுற்றி வளைந்து இறங்கும். அதன் கீழ்முனையில் ஒரு தகரத் துண்டு, அதற்கடியில், பால் சொட்டிச் சேர, கம்பியில் மாட்டிய மங்கு. கோட்டுக்கு மேலே, பலகாலம் சீவி மறுபடி வளர்ந்த பட்டை சற்று வேறு நிறத்தில், மேடுபள்ளமாக இருக்கும். இலை உதிரும் வாரங்களில் பால் குறைவதால் பலர் வெட்டை நிறுத்திவிடுவார்கள். அப்போது மங்குகள் கவிழ்ந்து தொங்கும். அந்தச் சின்ன விவரம் படத்துக்குத் தேதி போட்டுவிடும். தோட்டக் குடும்பங்களுக்கு அது வருமானம் சுருங்கும் காலம் என்பதையும் வரைகிறவர் அறிந்திருப்பது நல்லது.

வீட்டில் மரம் சீவிய பெரியவர் இருந்தால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மரம் நல்ல மரம், எந்தப் பட்டை கெட்டுப்போனது, மங்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் பார்த்தும் பாராமலிருந்தவை கண்ணில் படும். எழுத்தாளர் அகிலன் இந்த மண்ணுக்கு வந்துபோய் ‘பால்மரக்காட்டினிலே’ நாவலை எழுதினார். சொல்லில் பதிவான அளவுக்குக் கோட்டிலும் வண்ணத்திலும் அந்த வாழ்க்கை பதிவாகவில்லை.

நிறத்துக்கு வருவோம். கெத்தாப்பாங்கின் கருஞ்சிவப்பை இங்கே கொண்டுவராதீர்கள். பால்மரம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செம்பாகி, செங்கல் பழுப்பில் முடியும். மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, துளி ஆரஞ்சு, இவை போதும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். இலை மரத்தில் இருக்கும்போது அவை கீழ்நோக்கித் தொங்கும். உச்சியில் மெல்லிய நிறத்திரையாக முதலில் பூசி, அது காய்ந்தபின் ஓரங்களில் மட்டும் அந்த மூன்றிலைக் கொத்துகள் சிலவற்றைத் தனியே காட்டுங்கள். மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

நிரைகளின் தூரத்தைக் காட்ட, முதலில் கண்மட்டக் கோட்டைக் குறியுங்கள். இரண்டு நிரைகளுக்கு நடுவே நின்றால் எல்லாக் கோடுகளும் அந்த மட்டத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். இது எளிது, அழகும்கூட; ஆனால் எல்லோரும் இப்படித்தான் வரைகிறார்கள். இரண்டடி தள்ளி, குறுக்குவாட்டில் நின்று பாருங்கள். தண்டுகள் ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் வரும்; இடைவெளிகள் சமமாக இருக்காது. எனக்கு இந்தக் கோணமே பிடிக்கும். அருகிலுள்ள இரண்டு மூன்று தண்டுகளுக்கு மட்டும் பட்டையும் வெட்டும் காட்டி, பின்னால் போகப்போக வெளிர்நீலச் சாம்பலில் வெறும் கீற்றுகளாக விட்டுவிடுங்கள்.

இலை நிறைந்த தோட்டத்துக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. இலை உதிர்ந்த பின் அதே இடம் வெளிச்சமாகிவிடும். வெயில் தரைவரை இறங்கி, தண்டுகளின் நிழல் சருகின்மேல் நீளமாக விழும். இந்த மாற்றத்தைத்தான் படத்தில் பிடிக்க வேண்டும். தரையில் சருகை வரையும்போது, காலடியில் இருக்கும் ஐந்தாறு இலைகளை மட்டும் மூன்றிலை வடிவம் தெரிய வரைந்து, மற்றதை ஒரே செம்புநிறப் பரப்பாக விடுங்கள். ஒவ்வொரு சருகாக வரையப் புகுந்தால் தரை மேலே வந்து மரத்தை விழுங்கிவிடும்.

பிறகு துளிர். மொட்டையான சில வாரங்களில், செம்பு கலந்த பழுப்பில், தளர்ந்து தொங்கும் இளந்தளிர்கள் வரும். பார்க்கிற பலர் அதை வாடிய பழைய இலை என்றே நினைப்பார்கள். கிட்டே போனால் மினுமினுப்பு தெரியும். ஒரு வாரம் கழித்துப் போனால் இளம்பச்சை. உதிரும் நிறமும் துளிர்க்கும் நிறமும் இவ்வளவு ஒத்திருப்பதை அடுத்தடுத்த இரண்டு அட்டைகளில் வரைந்து பக்கத்தில் வையுங்கள்.

வெறுங்கிளை

மொட்டை மரத்துக்குப் பேனாவே ஏற்றது. நீரில் கரையாத மை வேண்டும். மதுரையின் தெருக்களையும் கோயிலையும் நுண்ணிய மைக்கோடுகளில் வரைந்த மனோகர் தேவதாஸ், பார்வை மங்கிக்கொண்டே போன காலத்திலும் கோடு கோடாகப் பொறுமையாகச் சேர்த்தவர். அவர் படங்கள் கிடைத்தால் பாருங்கள். எங்கே கோட்டை நிறுத்தியிருக்கிறார் என்று கவனியுங்கள். டச்சு ஓவியர் மோந்திரியான் 1908 முதல் 1912 வரை மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சிவப்பு மரத்தில் தொடங்கி, சாம்பல் மரத்துக்கு வந்து, கடைசியில் கிளைகளின் வளைவுகள் மட்டும் மிஞ்சும் இடம்வரை போனார்.

தண்டின் சாய்வு முதலில். பிறகு பெரிய கவைகள். அதற்குப் பிறகு கிளைகளை மறந்து, அவற்றுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளின் வடிவத்தைப் பார்த்து வரையுங்கள். வானத்துண்டு சரியாக வந்தால் கிளை தானே சரியாகும். சுள்ளிகளுக்கு அவசரம் வேண்டாம்.

வெயில், ஈரம், கொசு

நம் காற்றில் ஈரம் அதிகம். நிழலில் நீர்வண்ணம் காய நெடுநேரமாகும். ஈரமான பூச்சின்மேல் அடுத்ததைப் பூசினால் சேறாகும். இரண்டு அட்டைகளை எடுத்துப் போய் மாறிமாறி வேலை செய்யுங்கள். வெயிலில் உட்கார்ந்தால் நேர்மாறாக, தூரிகை எடுக்குமுன் காய்ந்துவிடும். கண்ணும் கூசி நிறம் தப்பும். தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும், இல்லையேல் அலைபோல நெளியும். வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடிவைத்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும், உலர்ந்தபின் மூடுங்கள். முடிந்த படங்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

அளவு சிறிதாக இருந்தால் போதும். சாந்திநிகேதனில் மாணவர்களை வெளியே கூட்டிப்போய் இயற்கையைப் பார்க்கப் பழக்கிய நந்தலால் போஸ், அஞ்சலட்டை அளவில் ஏராளமாக வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிவந்தார். கையடக்க அட்டையானால் மழை வருமுன் முடித்துவிடலாம். ஜொகூரில் பிற்பகல் இடிமழைக்குச் சொல்லி வருகிற வழக்கம் இல்லை.

காலை ஏழரையிலிருந்து பத்து வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் வெளிச்சம் சாய்ந்து விழும். நண்பகலில் நிழல் எல்லாம் மரத்தடிக்குள் ஒடுங்கிவிடும். அப்போது வரைந்த மரம் தட்டையாகத்தான் வரும். தோட்டத்துக்குள் கொசு கடுமை. முழுக்கைச் சட்டை, காலுறை, கொசு மருந்து. டெங்கிப் பயம் உள்ள நாட்டில் இதில் அலட்சியம் கூடாது. புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டு மேசையில் இலையை வரையுங்கள்.

எந்த மரமும் உதிர்க்காத வாரங்களில் கொழுந்தைத் தேடுங்கள். மாமரமும் ஜம்புவும் செம்பழுப்பில் தளிர்க்கும். தாமான் வீடுகளின் வேலியோரமாக நட்டிருக்கும் கெலாட் பாயா, வெட்டிவிட்ட சில நாளில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொழுந்து விடும். குளிர்நாட்டு மரம் முதுமையில் காட்டும் நிறத்தை நம் மரங்கள் பல பிறப்பிலேயே காட்டுகின்றன. அதே வண்ணங்கள் போதும், நீர் மட்டும் சற்று கூடுதலாக.

ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் மரத்தின் பெயர், இடம், தேதி, நேரம், முந்தின நாட்களில் மழையா வெயிலா என்று எழுதிவையுங்கள். இங்கே மரங்களுக்கு அச்சிட்ட நாட்காட்டி இல்லாததால், உங்கள் தெருவின் கணக்கை நீங்கள்தான் எழுதியாக வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்போடு செய்யலாம்: திடலில் ஒரு மரம், மாணவருக்கு ஓர் அட்டை, மாதம் ஒருமுறை.

கெத்தாப்பாங்கில் கை பழகியபின் அடுத்து எந்த மரத்தை வரைவது என்று தயங்கினால், முதிர்ந்த பால்மரத்தை வரையுங்கள். 25, 30 ஆண்டுகளில் அதன் பயன் முடிந்ததும் வெட்டிவிடுவார்கள். பலகை மூவார் போன்ற ஊர்களின் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போகும். அந்த நிலத்தில் அடுத்து வருவது பெரும்பாலும் செம்பனையாகத்தான் இருக்கும். செம்பனை இலை உதிர்ப்பதில்லை.